அரக்கோணத்து டக்கர்: எங்கள் ஆயாவின் தாத்தாவை இங்கிலாந்தில் எங்கே தேடுவது?

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். எங்கள் ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர், போன வருடம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அடியில் ஒரு பழைய இங்கிலீஷ் பைபிளும், அதற்குள் நான்காக மடித்த ஒரு தாளும் கிடைத்தன. தாள், 1874-இல் அரக்கோணத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் பதிவு நகல். மாப்பிள்ளை ஆயாவின் தாத்தா, அவர் அம்மாவுக்கு அப்பா. குடும்பப் பெயர் டக்கர். வயது 27, கல்யாணம் ஆகாதவர், மெட்ராஸ் ரயில்வேயில் ஃபயர்மேன். அவருடைய அப்பாவின் பெயரும் இருக்கிறது. (முதற்பெயர்களைப் பொதுவில் போட வேண்டாம் என்று அம்மா சொன்னதால் எழுதவில்லை.) பெண்ணின் பக்கம் ஒரு ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான். அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு.

பைபிளின் முதல் பக்கத்தில் ஐந்து குழந்தைகளின் பிறந்த தேதிகள், வேறு வேறு மையில் எழுதப்பட்டிருக்கின்றன. கடைசிப் பெண்தான் ஆயாவின் அம்மா. அவர் குடியாத்தம் பக்கம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார், டக்கர் என்ற பெயர் எங்கள் கிளையில் அவரோடு நின்றுவிட்டது.

ஆனால் வீட்டில் சொல்லும் கதை வேறு. அவர் பட்டாளத்தில் கேப்டன், 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வந்தவர்களில் ஒருவர், சீமையில் பெரிய பண்ணை வீடு இருந்தது என்றெல்லாம் சொல்வார்கள். பெரிய மாமா ஓர் இணையதளத்தில் பணம் கட்டி, டக்கர் குலத்தின் கேடயச் சின்னம் என்று ஒரு படத்தை வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். இந்தத் தாளைக் காட்டியதிலிருந்து அவருக்கு மனசு ஒப்பவில்லை.

எனக்கு அவர் பெரிய ஆளாக இருந்திருக்க வேண்டும் என்று இல்லை. எந்த ஊரில் பிறந்தார், அவர் அப்பா என்ன வேலை செய்தார், எதற்காக அத்தனை தூரம் கடல் தாண்டி வந்து அரக்கோணத்து வெயிலில் பாய்லருக்குக் கரி தள்ளினார் என்று தெரிந்தால் போதும். டக்கர் என்றால் என்ன அர்த்தம் என்பதும் தெரிய வேண்டும். இரண்டு தேவாலயங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் பழைய ஏடுகளைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள், இன்னொன்றில் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். இங்கிருந்தே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

ஷெட்டுக்காரர் எழுதியது:

அம்மா, நான் ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவன், பழைய ரயில்வேக் குடும்பங்களின் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் வருடக் கணக்கைப் போடுங்கள். 1874-இல் 27 வயது என்றால் பிறந்தது 1846 அல்லது 1847. அந்த எழுச்சியை அடக்கிய ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து வந்த 19-ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையில் இவர் இருந்திருக்க வழியே இல்லை. வேலூர்ப் பக்கம் வெள்ளைக்கார மூதாதை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் கதை 1806-இல் போய்த்தான் நிற்கும், ஏனென்றால் ஊருக்கு நினைவிருக்கும் தேதி அது ஒன்றுதான்.

ஃபயர்மேன் என்று எழுதியிருக்கிறதே, அது எந்தக் கேப்டன் பட்டத்தையும் விட உங்களுக்கு உபயோகமான சொல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மெட்ராஸ் ரயில்வேயின் முதல் பாதை திறந்தது 1856 ஜூலை 1. அந்தக் காலத்தில் டிரைவர், ஃபயர்மேன், ஃபிட்டர் வேலைகளுக்கு இங்கிலாந்திலேயே ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் ஆள் கொண்டுவந்தார்கள். அதே நேரம், இங்கே வந்த பட்டாளத்துக்காரர்கள் பலர் படையிலிருந்து விலகி ஊருக்குத் திரும்பாமல் ரயில்வேயில் சேர்ந்தார்கள். உங்கள் தாத்தா இந்த இரண்டில் எந்த வழியாக வந்தார் என்பதுதான் முதல் கேள்வி. ஒப்பந்தத்தில் வந்தவர் என்றால் இங்கிலாந்தில் செய்த நியமனங்களின் பட்டியல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/ஏஜி/46 என்ற வரிசையில் இருக்கிறது. பட்டாளத்து வழி என்றால் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையைப் பார்க்க வேண்டும். ஓய்வூதியம் பெற்று விலகிய சிப்பாய்களின் தாள்கள் அவை. பிறந்த ஊர், படையில் சேரும் முன் செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம் வரை எழுதியிருப்பார்கள். சாதாரண மனிதர் ஒருவருடைய கண் என்ன நிறம் என்று சொல்லும் காகிதம் கிடைப்பது அரிது.

கரையான் விஷயத்தில் மனசு விட வேண்டாம். சென்னை மாகாணத்துப் பாதிரியார்கள் எழுதிய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவை இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை. 2014-இலிருந்து ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்திலும் ஃபேமிலிசர்ச் தளத்திலும் தேடுங்கள். ஆனால் கத்தோலிக்கர் பதிவுகள் அந்த நகல்களில் குறைவு. உங்கள் குடும்பம் கத்தோலிக்கமாக இருந்தால் பங்குக் கோயில் ஏட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர், அதனால் நம் பக்கத்து ஆட்களின் சில பதிவுகள் சித்தூர் என்ற தலைப்பில் கிடக்கும். இப்போது அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம், ஜோலார்பேட்டை திருப்பத்தூர் மாவட்டம் என்று 2019-இல் பிரித்ததெல்லாம் அந்த ஏடுகளுக்குத் தெரியாது. வட ஆற்காடு என்றே தேடுங்கள்.

ஐந்து குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவையும் ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் தொழிலும் குடியிருந்த ஊரும் இருக்கும். ஃபயர்மேன் எந்த வருடம் டிரைவர் ஆனார், எந்த ஷெட்டுக்கு மாற்றினார்கள் என்று அதிலேயே அவர் வாழ்க்கை ஓரளவு தெரிந்துவிடும். அவருடைய அடக்கப் பதிவும் முக்கியம், பிற்காலத்தவற்றில் எந்த நோயால் இறந்தார் என்றுகூட இருக்கும்.

குடியாத்தம் தறி எழுதியது:

அக்கா, பெயருக்கு அர்த்தம் நான் சொல்கிறேன், எங்களுடையது தறிக் குடும்பம் என்பதால் இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். டக்கர் என்பது துணி வேலைப் பெயர். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தொளதொளவென்று இடைவெளியோடு இருக்கும். அதைத் தண்ணீரில் ஒருவகைக் களிமண்ணோடு போட்டு மிதித்தும் அடித்தும் நூல்கள் ஒன்றோடொன்று இறுகிக் கெட்டிப்படும்படி செய்வார்கள். அந்த வேலையைச் செய்தவன் டக்கர். நம் ஊரில் நெய்வதற்கு முன் பாவுக்குக் கஞ்சி போட்டு நூலுக்கு விறைப்பு ஏற்றுகிறோம், அவர்கள் நெய்த பிறகு துணியை இறுக்கினார்கள்.

இதே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள். தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர். துணியின் மேல் நடந்து மிதித்ததால் வாக்கர். ஆக, டக்கர் என்ற பெயரே டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் கை காட்டுகிறது. டெவனில் எக்ஸிட்டர் நகரத்தில் டக்கர்ஸ் ஹால் என்று 1471-இல் கட்டிய ஒரு கட்டடம் இன்னும் நிற்கிறது, நெசவாளர்களும் துணி இறுக்குவோரும் சேர்ந்த சங்கத்தினுடையது.

ஆனால் ஒன்று. இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் பரம்பரையாக நிலைத்தது ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள். அதனால் உங்கள் தாத்தாவின் அப்பா துணி மிதித்தார் என்று நினைத்துவிட வேண்டாம், அதைச் செய்தவர் அவருக்கு 500 வருடம் முந்தியவராக இருக்கலாம். நம் வேலூர், குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு இண்டிபேர், அதாவது வீட்டுப் பெயர், இருக்கிறதே, அதில் உள்ள ஊரைக் கடைசியாகப் பார்த்தவர் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டே வருகிறது. அது மாதிரிதான். அதோடு எல்லா டக்கரும் ஒரே குடும்பம் கிடையாது. துணி நெய்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு டக்கர் இருந்திருப்பான். அயர்லாந்திலும் ஓர் ஐரிஷ் பெயரை டக்கர் என்று மாற்றி எழுதிக்கொண்டவர்கள் உண்டு. பெயர் திசையைக் காட்டும், முகவரியைக் காட்டாது.

எழுத்தும் ஒரே மாதிரி இருக்காது. டூக்கர், டவுக்கர் போலவும் எழுதியிருப்பார்கள், காதில் விழுந்தபடி எழுதியவர்கள்தானே.

கோட்டை வாசல் எழுதியது:

மாமாவின் படத்தைப் பற்றி மட்டும். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வழிவந்த வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது, குடும்பப் பெயருக்குக் கொடுக்கப்படுவது அல்ல. அதைக் கவனிக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484-இலிருந்து இருக்கிறது. என்றைக்கோ ஒரு டக்கருக்குக் கொடுத்ததை எல்லா டக்கருக்கும் விற்கிறார்கள். மாமாவிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள், அவரும் இந்தப் பெயரின் மேல் உள்ள பாசத்தில்தான் வாங்கியிருக்கிறார்.

பழைய ஏடு எழுதியது:

நான் காட்பாடி. என் மனைவி வழிக் குடும்பத்தில் ஓர் ஆங்கிலேயரைத் தேடி நான்கு வருடம் உழைத்தேன், அதில் முதல் இரண்டு வருடம் வீண். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு பையனைப் பிடித்து, அவன் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று 1700 வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் பார்த்தால் அந்தப் பையன் மூன்று வயதிலேயே இறந்திருக்கிறான். அந்த இரண்டு வருடத்தின் தாள்களை இன்னும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால் முதலிலேயே கெட்டியாகச் சொல்கிறேன், தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு ஒரு தலைமுறையாகத்தான் நகர வேண்டும். டெவன் என்று கேட்டவுடன் டெவனுக்குத் தாவாதீர்கள்.

1847 வாக்கில் பிறந்தவர் என்பது உங்களுக்கு ஒரு நல்ல விஷயம். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1-இல். அந்தப் பதிவு அலுவலகத்தின் புதிய அட்டவணையில் பிறப்போடு தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் தேடக் கிடைக்கிறது. ஃப்ரீபிஎம்டி தளத்திலும் இலவசமாகத் தேடலாம். 1845-லிருந்து 1849 வரை, உங்கள் தாத்தாவின் முதற்பெயரோடு உள்ள எல்லா டக்கரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வயதில் இரண்டு வருடம் கூடக் குறைய இருக்கலாம், கல்யாணத்தில் சொல்கிற வயது எந்த நாட்டிலும் அப்படித்தான். 1875 வரை பிறப்பைப் பதியாமல் விட்டவர்களும் உண்டு, ஆகவே அட்டவணையில் இல்லையென்றால் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டையும் பார்க்க வேண்டும். அந்த ஏடுகள் 1538-இலிருந்து எழுதப்பட்டவை. 1813-க்குப் பிறகு அச்சிட்ட படிவம், அப்பாவின் தொழிலுக்கு அதில் தனிக் கட்டம் உண்டு.

அடுத்தது மக்கள் தொகைக் கணக்கு, பத்து வருடத்துக்கு ஒருமுறை. 1841-இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், பிறந்த ஊரும் சரியாக இருக்காது. 1851-தான் உங்களுக்கு வேண்டியது. அதில் வீட்டுத் தலைவரோடு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார் என்பதெல்லாம் இருக்கும். உங்கள் ஆள் அப்போது நான்கு வயதுப் பிள்ளை, அப்பா அம்மாவோடுதான் இருந்திருப்பார். திருமணப் பதிவில் உள்ள அப்பாவின் பெயரோடு ஒத்துப்போகும் வீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1861-இல் அதே பையனுக்கு 14 வயது, சாதாரண வீட்டுப் பையன் அந்த வயதில் வேலைக்குப் போயிருப்பான், தொழில் எழுதியிருக்கும். அப்புறம் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பையனையும் நீக்க முயற்சி செய்யுங்கள். சிறு வயதில் இறந்தவன், 1881-இலும் இங்கிலாந்திலேயே பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவன், இவர்களெல்லாம் உங்கள் தாத்தா இல்லை. நான் செய்யத் தவறியது இதைத்தான்.

உயில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கூலிக்காரர்கள் உயில் எழுதுவது அரிது, எழுதியிருந்தாலும் எக்ஸிட்டரில் இருந்த உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயின. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இங்கே கல்லறைக் கல்லைத் தேடுவதும் அப்படித்தான். நம் மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் புத்தகமாகத் தொகுத்திருக்கிறார், ஆனால் வரலாற்று முக்கியத்துவம் உள்ளவற்றை எடுப்பதுதான் அவர் நோக்கம். ஃபயர்மேனுக்குக் கல் வைத்திருந்தாலே பெரிது.

ராணிப்பேட்டை அக்கா எழுதியது:

எல்லோரும் டக்கர் பக்கமே போகிறீர்கள், அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அப்பா பெயர் இடத்தில் கோடு போட்ட அந்த ஞானஸ்நானப் பெயர்க்காரி யார்? பாலாற்றங்கரை, உனக்கு அவரும் அதே தூரத்துப் பாட்டிதானே.

குடும்பப் பெயர் இல்லை என்றால் அவர் நம் ஊர்ப் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். கலப்புக் குடும்பத்துப் பெண் என்றால் பெரும்பாலும் ஓர் ஐரோப்பியக் குடும்பப் பெயர் இருந்திருக்கும், அந்தக் காலப் பதிவுகளில் அப்படிப்பட்டவர்களை ஈஸ்ட் இந்தியன், யூரேசியன் என்று எழுதினார்கள். ஆங்கிலோ இந்தியன் என்ற சொல்லை அரசு எடுத்துக்கொண்டது 1911 கணக்கெடுப்பில்தான். கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பெண் என்றால் கல்யாணத்துக்குச் சில வாரமோ மாதமோ முன்னால் பெரியவர்களுக்கான ஞானஸ்நானம் நடந்திருக்கலாம். அந்த ஏட்டில் பழைய தமிழ்ப் பெயரும் ஊரும் எழுதியிருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். ஆங்கிலேயத் திருச்சபை ஏடு மட்டுமில்லை, 1853-இலிருந்து நம் பக்கம் வேலை செய்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் சபை ஏடுகளையும் கேட்டுப் பார். கல்யாணச் சாட்சிகள் யார் யார் என்றும் பார், சாட்சிக் கையெழுத்தில் பெண் வீட்டார் ஒருவராவது இருப்பார்கள்.

தேவாலயத்துக்கு வாரநாளில் தனியாகப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயாவைத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போய், ஏட்டைத் தொட மாட்டேன், அந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும் என்று கேள். எனக்கு அப்படித்தான் திறந்து காட்டினார்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஐந்து குழந்தைகளின் ஞானஸ்நானத்தைத் தேடினேன், நான்கு கிடைத்தன. முதல் இரண்டில் அப்பா அரக்கோணத்தில் ஃபயர்மேன், மூன்றாவதில் டிரைவர், கடைசிப் பெண் பிறந்தபோது ஜோலார்பேட்டையில் டிரைவர். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தினமும் அந்த ஸ்டேஷன் வழியாகத்தானே பெங்களூருக்குப் போய் வந்தோம் என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இங்கிலாந்தில் அந்த முதற்பெயரோடு ஆறு டக்கர் பையன்கள் நோட்டில் ஏறினார்கள். அப்பா பெயர் ஒத்துவந்தது மூன்று பேருக்கு. ஒருவன் 1853-இல் இறந்துவிட்டான், பழைய ஏடு அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் அவனையே பிடித்திருப்பேன், ஏனென்றால் அவன் வயதுதான் மிகச் சரியாகப் பொருந்தியது. இன்னொருவன் சாமர்செட்டில் செருப்புத் தைப்பவர் மகன், 1861-க்குப் பிறகு அவனைக் காணவில்லை. மூன்றாவது பையன் டெவனில் ஒரு பண்ணைக் கூலியின் மகன், ஏழு பிள்ளைகளில் நான்காவது. 1861 கணக்கில் நியூட்டன் ஆபட் ஊரில் வேறொருவர் வீட்டில் தங்கியிருக்கிறான், தொழில் எஞ்சின் கிளீனர். ஷெட்டுக்காரர் ஐயா, எனக்கு இவர்தான் என்று தோன்றுகிறது, ஆனாலும் எல்/ஏஜி/46 பட்டியலைப் பார்க்காமல் சொல்லக் கூடாது அல்லவா? லண்டனில் இருக்கும் சித்தி மகன் அடுத்த மாதம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

பெரிய மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். பண்ணை வீட்டில் பிறக்கவில்லை, பண்ணைக் கூலி வீட்டில் பிறந்திருக்கலாம் என்று சொன்னதும் கோபப்படுவார் என்று பயந்தேன். ஏழு பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பாட்டியைப் பற்றி இன்னும் எதுவும் கிடைக்கவில்லை, அக்கா. என்னிடம் இருப்பது நகல்தான், அதில் கையெழுத்துகளை எழுத்தரே எழுதியிருக்கிறார். மூல ஏடு கரையானுக்குத் தப்பியிருப்பதாகப் போன வாரம் தெரிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவே கூட வருகிறேன் என்கிறார். அந்தப் பக்கத்தில் டக்கர் தன் பெயரை எழுதினாரா, கீறல் போட்டாரா, பாட்டி என்ன போட்டார், சாட்சி யார் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.